பாட்டுக்காரங்க காமெடிப் படத்துல நடிச்சா ஏன் ஒரு படம் செட் ஆகுது, இன்னொண்ணு ஆக மாட்டேங்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் ஒரு ஆர்க்கெஸ்ட்ரால ரிதம் பேட் வாசிக்கிறேன், 18 வருஷம் ஆச்சு. மாசிலேந்து ஆடி வரைக்கும் பாபநாசம், வலங்கைமான், நன்னிலம், மன்னார்குடின்னு கோயில் கோயிலா கச்சேரி, முடிச்சுட்டு விடியக்காலைல வேன்ல சாமான் ஏத்திட்டு டீக்கடைல நிப்போம், அப்ப யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சுருவாங்க, ஏன்ணே இந்த மியூசிக் டைரக்டர் எல்லாம் நடிக்க வர்றாங்க, அந்தப் படத்துல நல்லா இருந்தான் இந்தப் படத்துல ஏன் இப்படி இருக்கான்னு. சொல்லி சொல்லி எனக்கே ஒரு முடிவு கிடைச்சிருக்கு. அதைத்தான் கேள்வி பதிலா எழுதி வைக்கிறேன்.

பாப் பாட்டுக்காரங்கன்னா யாரை சொல்றீங்க?

நம்ம ஊர்ல சினிமாப் பாட்டுதான் பாப். தனியா ஆல்பம் போட்டு பேர் வாங்குனவங்க கம்மி, ஹிப்ஹாப் தமிழா ஆதி அந்த ரகம், 2012ல ஆல்பம் போட்டுட்டு அதுக்கப்பறம் சினிமாக்குள்ள வந்தவர். மத்தபடி ஜி.வி.பிரகாஷ், விஜய் ஆண்டனி, பிரேம்ஜி, அதுக்கு முன்னாடி எஸ்.பி.பி., இன்னும் பின்னாடி போனா சந்திரபாபு. பாட்டால மொதல்ல தெரிஞ்சு அப்பறம் கேமரா முன்னாடி நின்னவங்க எல்லாரையும் இதுல சேர்த்துக்கறேன்.

தாளம் ரத்தத்துல இருக்குறவங்களுக்கு காமெடி டைமிங் தானா வரணுமே?

எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஒரு தடவ நேர்ல பாத்தப்பறம்தான் விஷயம் வேறன்னு புரிஞ்சுது.

எங்க குழுவுல ஒரு மெயின் சிங்கர் இருந்தாப்ல. மலேசியா வாசுதேவன் பாட்டு எடுத்தா பின்னாடி உக்காந்திருக்க பெருசுங்க கூட எழுந்துரும், அவ்வளவு தாள சுத்தம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துல மாரியம்மன் திருவிழா. பாட்டுக்கு நடுவுல 10 நிமிஷம் டாக்டர் பேஷண்ட் காமெடி உண்டு, வழக்கமா மிமிக்ரி அண்ணனும் இன்னொருத்தரும் பண்ணுவாங்க, அந்த இன்னொருத்தருக்கு அன்னிக்கு காய்ச்சல், சரின்னு நம்ம சிங்கர் பேஷண்டா போய் உக்காந்தாப்ல. முதல் டயலாக் சொன்னதும் சனம் குபீர்னு சிரிச்சுது. அந்தச் சிரிப்பு பாதில இருக்கும்போதே இவரு ரெண்டாவது டயலாக்கை சொல்லிட்டாரு, ஒருத்தருக்கும் கேக்கல. மிமிக்ரி அண்ணன் பதில் சொல்ல வாய் தொறக்குறாரு, இவரு மூணாவதுக்குப் போயிட்டாரு, அதுவும் அண்ணன் பக்கம் திரும்பாம மைக்கைப் பிடிச்சு கூட்டத்தைப் பாத்து. அஞ்சு நிமிஷத்துல அடங்கிப்போச்சு. ஐஸ் வண்டி மணி சத்தம் மேடை வரைக்கும் கேட்டுச்சு.

மேடைக்குக் கீழ கோயில் மேளத்துக்கு வந்த தவில்கார மாமா ஒருத்தர் வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். எறங்கி வந்ததும் நம்மாளைக் கூப்பிட்டு, "தம்பி, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல மியூசிக் வருதுல்ல, அப்ப நீ பாடுவியா? சனம் சிரிக்கிறது அந்த மியூசிக் மாதிரிதான்யா. அவங்க வாசிச்சு முடிக்கட்டும், அப்பறம் நீ எடு"ன்னார். எனக்கு சிலிர்த்துப்போச்சு.

அடுத்த கச்சேரில சிங்கர் அதைப் பிடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள நாலு எண்ணிட்டு அடுத்த டயலாக் சொன்னாப்ல. நல்ல ஜோக்குக்கு நாலு பத்தல, சிரிப்பை வெட்டிட்டாரு. சுமாரான ஜோக்குக்கு யாரும் சிரிக்கல, ஆனாலும் நாலு எண்ணிட்டு சும்மா நின்னாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, எண்ணுறதுல ஒண்ணும் இல்ல, கேக்குறதுலதான் இருக்கு. பாடுறவரு முன்னாடி போவாரு, நாங்க பின்னாடி அவரைக் கேட்டுக் கேட்டு வாசிப்போம், அவரு இழுத்தா இழுப்போம் விட்டா விடுவோம். மேடைல எப்பவும் மத்தவங்க அவரைக் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம், அவரு மத்தவங்களைக் கேக்குற பழக்கம் வராது. காமெடிக்கு வேணுங்கறது பக்கவாத்தியக்காரன் மனசு. அது இருக்குற பாட்டுக்காரர் நடிச்சுருவாரு, இல்லாதவர் எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும் திணறுவாரு. இனிமே எழுதப்போறது எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

இன்னொண்ணு, மேடைலயாவது சனம் சிரிக்கும். ஷூட்டிங்ல அதுவும் கிடையாது. டேக் போறப்ப மொத்த யூனிட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், ஜோக் விழுந்துச்சா இல்லியான்னு தெரிஞ்சுக்க எதிர்ல நடிக்கிற ஆளோட கண்ணு மட்டும்தான் இருக்கு. சில க்ளோஸப்புக்கு அந்த ஆளும் இருக்க மாட்டாரு, அசிஸ்டெண்ட் டைரக்டர் பேப்பரைப் பாத்து எதிர் டயலாக் படிப்பாரு.

ஜி.வி.பிரகாஷ் ஏன் ஒரு படத்துல நல்லா இருக்காரு, ஒரு படத்துல இல்ல?

அவரு கேஸ்தான் இருக்கறதுலயே பாடம் மாதிரி. 2006ல வெயில் படத்துல மியூசிக் டைரக்டரா வந்தவர், 2015 பொங்கலுக்கு டார்லிங் வழியா ஹீரோவானார். தெலுங்குல வந்த பிரேம கதா சித்திரம் படத்தோட ரீமேக் அது, பேய் காமெடி. அந்தப் படத்துல அவரோட வேலை என்னன்னு கவனிச்சுப் பாருங்க. பயப்படணும். பேய் வருது, கருணாஸும் பால சரவணனும் பேசுறாங்க, இவரு மிரண்டு முழிக்கணும், ஓடணும். மத்தவங்க வாசிக்கிறதுக்கு சாப்பு (மிருதங்கத்துல ஒரு தட்டு) போடுற வேலை. அது அவருக்கு அழகா வந்துச்சு, ஒல்லி உடம்பு, பக்கத்து வீட்டுப் பையன் முகம், பயம் நம்புற மாதிரி இருந்துச்சு.

அதே வருஷம் த்ரிஷா இல்லனா நயன்தாரா, ஏ சர்டிபிகேட் படம், நல்லா ஓடுச்சு, டபுள் மீனிங் ஜாஸ்தின்னு திட்டும் வாங்குச்சு. அப்பறம் வரிசையா எனக்கு இன்னொரு பேர் இருக்கு, கடவுள் இருக்கான் குமாரு, 2017ல புரூஸ் லீ. இதுல எல்லாம் அவரையே முன்னாடி நிறுத்தி கலாய்க்க விட்டாங்க, கவுண்டர் குடுக்க விட்டாங்க, நடுவுல மாஸ் ஹீரோ நடை வேற. எனக்கு அது ஒட்டல. டயலாக்கை சொல்லி முடிச்ச உடனே அவரு முகம் வேலையை நிறுத்திருது, எதிர்ல இருக்கறவன் என்ன சொல்றான்னு காதுல வாங்குற மாதிரி தெரியாது. நாலஞ்சு படம் ஒரே நேரத்துல ஒத்துக்கிட்டு நடுவுல மியூசிக்கும் போட்டா அதுக்கு எங்க நேரம் இருக்கும்னும் தோணுது.

ஆனா 2018ல பாலாவோட நாச்சியார் வந்துச்சு, ஆளே மாறிப்போயிருந்தாரு. 2019ல ராஜீவ் மேனனோட சர்வம் தாள மயம், அதுக்கு நம்ம உமையாள்புரம் சிவராமன் சார் கிட்ட மிருதங்கம் கத்துக்கிட்டு நடிச்சாரு. உமையாள்புரம்னா எங்க ஊர்லேந்து கூப்பிடு தூரம், அதனால எங்க குழுவுல எல்லாருமே தனி ஆர்வத்தோட போய் பாத்தோம். அது காமெடிப் படம் இல்ல, ஆனா அதுல வர்ற சின்னச் சின்ன சிரிப்பு எல்லாம் இயல்பா இருந்துச்சு, குறிப்பா நெடுமுடி வேணு எதிர்ல சிஷ்யனா நிக்கிற இடங்கள். குரு எப்ப திட்டுவாரோன்னு கேட்டுக்கிட்டே நிக்கிற உடம்பு அது. என் கணக்குப்படி அவருக்கு காமெடி கத்துக் குடுத்தது காமெடிப் படங்கள் இல்ல, இந்த ரெண்டு படமும்தான்.

ஹிப்ஹாப் ஆதி?

அதே 2015 பொங்கல்லதான் ஆம்பள படத்துல ஹிப்ஹாப் தமிழா சினிமாவுக்கு மியூசிக் போட வந்தாங்க, ஜி.வி. ஹீரோவான அதே பொங்கல். ரெண்டு வருஷம் கழிச்சு 2017ல மீசைய முறுக்கு, ஆதியே எழுதி இயக்கி நடிச்சது, அவரோட சொந்த அனுபவத்தை வச்சு பண்ணது. அதுல அப்பாவா விவேக் சார். அப்பா புள்ள சீன்ல எல்லாம் ஆதி கைகட்டி நின்னு கேக்குறாரு பாருங்க, விவேக் சார் பேசப் பேச இவரு முகத்துல ஓடுற சங்கடம், அதுதான் அந்தப் படத்துல எனக்குப் பிடிச்ச காமெடி. தெரிஞ்ச வாழ்க்கை, தெரிஞ்ச பேச்சு, அதனால பயம் இல்ல.

2019ல நட்பே துணை, நம்ம காரைக்கால்ல நடக்குற ஹாக்கி கதைங்கறதால இங்க ஒரு தனி வரவேற்பு. அதுல கைதட்டு வாங்குனது கரு.பழனியப்பன், அரசியல்வாதியா உக்காந்த இடத்துலேந்தே அலட்டிக்காம பேசுவாரு. ஆதி வர்ற காமெடி சீன் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஃப்ரெண்ட்ஸ் பண்ற ஸ்கிட் மாதிரி இருந்துச்சு, அந்த வயசுப் பசங்களுக்குப் பிடிச்சுது, எனக்கு சத்தம்தான் ஜாஸ்தியா தெரிஞ்சுது.

2020ல நான் சிரித்தால். இதைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். கஷ்டம் வந்தா, டென்ஷன் ஆனா அடக்க முடியாம சிரிச்சுருவான், அதுதான் ஹீரோவுக்கு வியாதி. எவ்வளவு அருமையான ஐடியா! ஆனா நடிக்கிறதுக்கு அதை விட கஷ்டமான வேஷம் இல்ல. வாய் சிரிக்கணும், கண்ணு அழணும், ரெண்டும் ஒரே நேரத்துல. வலது கை ஒரு நடை, இடது கை வேற நடை வாசிக்கிற மாதிரி, பல வருஷ சாதகம் இல்லாம வராது. ஆதி சத்தமா சிரிச்சாரு, நெஜமாவே உழைச்சிருந்தாரு, ஆனா முதல் ரெண்டு தடவைக்கப்பறம் அந்தச் சிரிப்பு ஒரே ரிங்டோன் மாதிரி ஆயிருச்சு. ஆள் மேல குறை சொல்ல மாட்டேன், ஐடியாவுக்கு ஏத்த ஒத்திகை நேரம் கிடைச்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

விஜய் ஆண்டனி சிரிக்கவே மாட்டாரே, அவரு எப்படி காமெடில?

அவரு தன் முகத்தைப் புரிஞ்சு வச்சிருக்கவர். 2012ல நான் படத்துல ஆரம்பிச்சு, அசையாத முகம், ஏத்த இறக்கம் இல்லாத குரல், அதையே பலமாக்கிக்கிட்டாரு. 2015ல இந்தியா பாகிஸ்தான்னு முழு காமெடி ட்ரை பண்ணாரு, ரெண்டு வக்கீல் ஒரே எடத்துக்கு சண்டை போடுற கதை, அதுல அவரு துள்ளலா இருக்கப் பாக்குறப்ப நமக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கும். அடுத்த வருஷம் பிச்சைக்காரன் வந்துச்சு, அதுல கூட இருக்குற பிச்சைக்காரங்க பேசுறதுதான் காமெடி, இவரு கல்லு மாதிரி நிப்பாரு, அவரு நிக்க நிக்க அவங்க பேசுறது இன்னும் சிரிப்பா இருக்கும். ஒத்து ஊதுறவரு மாதிரி, ஒரே சுருதிய விடாம பிடிச்சா நாயனம் எடுப்பா கேக்கும்ல.

பிரேம்ஜி நல்லாத்தானே பண்றாரு?

பண்றாரு, சந்தேகமே இல்ல. பாடுவாரு, மியூசிக் போடுவாரு, அண்ணன் வெங்கட் பிரபு படத்துல எல்லாம் கூட்டத்துல ஒருத்தரா வருவாரு. 2007ல சென்னை 600028ல அவரு சொன்ன "என்ன கொடுமை சார் இது" இன்னிக்கும் எங்க வேன்ல டயர் பஞ்சரானா யாராவது சொல்லுவாங்க. அது சந்திரமுகில பிரபு சார் சீரியஸா சொன்ன வசனம், அதை எடுத்து ராகம் மாத்திப் பாடுன மாதிரி சொன்னாரு. ஒரு வாத்தியக்காரன் பண்ற வேலை அது, தெரிஞ்ச வரிய தெரியாத சங்கதில போடுறது. சரோஜாலயும் கோவாவுலயும் மங்காத்தாவுலயும் அளவா வந்து அடிச்சுட்டுப் போவாரு.

2015ல மாங்கா படத்துல ஹீரோவா வந்தப்ப அது எடுபடல. கச்சேரில தாளவாத்தியக்காரர் மட்டும் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் 10 நிமிஷம்னா அமர்க்களம், அதையே ரெண்டரை மணி நேரம் வாசிச்சா கேக்குறவங்க பாவம். திறமை குறைஞ்சு போகல, அளவு மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

எஸ்.பி.பி. எப்படி அவ்வளவு சுலபமா நடிச்சாரு?

அவரைப் பத்தி எழுதுறப்ப எனக்கு மனசு கொஞ்சம் கனமாயிரும், 2020 செப்டம்பர் 25 அன்னிக்கு எங்க குழு மொத்தமும் ஒண்ணா உக்காந்து அழுதோம். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அவரு ரகசியம் டப்பிங்னு நான் நினைக்கிறேன். கமல் சாரோட தமிழ்ப் படங்கள் தெலுங்குக்குப் போறப்ப அவருக்குக் குரல் குடுத்தவர் எஸ்.பி.பி.தான், வருஷக்கணக்கா. டப்பிங்ல என்ன வேலை, இன்னொருத்தன் உதடு எப்ப தொறக்குது, எங்க மூச்சு வாங்குறான், எந்த வார்த்தைய முழுங்குறான்னு பாத்துக்கிட்டே பேசணும். அதைவிட பெரிய பக்கவாத்தியப் பயிற்சி உண்டா? கமல் சார் மாதிரி ஒரு நடிகரோட காமெடிய ஃப்ரேம் ஃப்ரேமா கேட்டுப் பழகின காது அது.

அதனால 1990ல டைரக்டர் வசந்த் கேளடி கண்மணில ராதிகாவுக்கு ஜோடியா ஹீரோவா நிறுத்துனப்ப கூட அவரு ஹீரோ மாதிரி நடிக்கல, தொப்பையும் கண்ணாடியுமா ஒரு அப்பா மாதிரி, எதிர்ல இருக்கறவங்க பேசுறதை ரசிச்சுக்கிட்டே இருந்தாரு. 1994ல காதலன் பாருங்க, கான்ஸ்டபிள் அப்பா, பையன் பிரபுதேவாவோட ஃப்ரெண்ட் மாதிரி பழகுவாரு, "காதலிக்கும் பெண்ணின் கைகள்" பாட்டுல அந்த உடம்பை வச்சுக்கிட்டு பிரபுதேவா பக்கத்துல ஆடுவாரு. நாட்டுலயே பெரிய டான்ஸர் பக்கத்துல நின்னு ஆடுறோமேன்னு துளி கூச்சம் இல்ல, போட்டியும் போடல, பையன் ஆடுறதைப் பாத்து சந்தோஷப்படுற அப்பாவாவே ஆடுறாரு. நாம சிரிக்கிறதும் அதே சந்தோஷத்துலதான். 2000ல பிரியமானவளேல விஜய்க்கு அப்பா, அங்கயும் அப்படித்தான்.

அந்தக் காலத்துல பாடத் தெரிஞ்சவங்கதானே நடிகரே, அவங்க காமெடி பண்ணாங்களா? நம்ம ஊர்க்காரங்க நிறைய பேராச்சே?

ஆமா, நம்ம பக்கத்துக்காரங்கதான் முக்கால்வாசி. தியாகராஜ பாகவதர் மாயவரத்துல 1910ல பொறந்தவர். கர்நாடக சங்கீத வித்வான் ஜி.என்.பி. (ஜி.என்.பாலசுப்ரமணியம்) மாயவரம் பக்கம் கூடலூர், 1940ல எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவோட சகுந்தலைல துஷ்யந்தனா வந்தாரு. அதே 1940ல காளமேகம் படத்துல நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையையே நடிக்க வச்சாங்க. பாட்டு எழுதி மெட்டமைச்ச பாபநாசம் சிவன் தியாக பூமில சம்பு சாஸ்திரியா நடிச்சாரு. ஆனா இவங்க யாருக்கும் காமெடி பாரம் கிடையாது. அப்ப காமெடி தனி ட்ராக், கலைவாணரும் மதுரம் அம்மாவும் வந்து அவங்க பாட்டுக்குப் பண்ணிட்டுப் போவாங்க. 1944 ஹரிதாஸ், மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்த படம், அதுலயும் பாகவதர் வேலை பாடுறதும் உருகுறதும்தான். அதனால அவங்களுக்கு டைமிங் இருந்துச்சா இல்லியான்னு பரீட்சையே நடக்கல. இப்ப ஹீரோவே காமெடியும் பண்ணணும்ங்கறதாலதான் இவங்க குறை வெளிய தெரியுது, இதை ஞாபகம் வச்சுக்கிட்டு இந்தக் கால பசங்களைத் திட்டணும்.

சீர்காழி கோவிந்தராஜன் ஐயா ஒரு விதிவிலக்கு மாதிரி. அவரு போட்ட அகத்தியர் வேஷத்தோட தாடி கமண்டலம்தான் ஞாபகம் வரும், ஆனா 1970ல ஏ.பி.நாகராஜன் எடுத்த திருமலை தென்குமரி பாருங்க. ஒரு பஸ்ஸுல பல மொழிக் குடும்பங்கள் கோயில் கோயிலா யாத்திரை போற படம், நம்ம ஊர்ல நவக்கிரக டூர் போறவங்களுக்கு அப்படியே பொருந்தும். அவ்வளவு கலகலப்புக்கு நடுவுல அவரு பெரிய மனுஷனா, சிரிக்க வைக்கணும்னு தனியா ஒண்ணும் பண்ணாம இருப்பாரு, அதனாலேயே சுத்தி இருக்கறவங்க காமெடி எடுபடும்.

இன்னொரு கோணமும் இருக்கு. 1968 தில்லானா மோகனாம்பாள்ல நாயனம் வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், நடிச்சது சிவாஜி. அவரோட சிக்கல் சண்முகசுந்தரம் வேஷத்துக்கு சிரிப்பு வேலை கம்மி. சிரிப்பெல்லாம் யார்கிட்ட? நாகேஷ் வைத்தி, நம்ம மன்னார்குடி மனோரமா ஆச்சி ஜில் ஜில் ரமாமணி, அப்பறம் தவில் வாசிக்கிற முத்துராக்குவா டி.எஸ்.பாலையா. பாலையா தவிலைப் போட்டுக்கிட்டு பக்கத்துல சிவாஜியப் பாக்குற பார்வைய மட்டும் ஒரு தடவ தனியா கவனிங்க. அவரு நடிகர்தான், ஆனா பக்கவாத்தியக்காரன் கண்ணு அப்படியே அச்சு. எங்க ஊர் தவில்காரங்களே சொல்லி சொல்லி மாஞ்சு போவாங்க.

சந்திரபாபு?

அவரு தனி. தமிழுக்கு யோடலிங் (குரலை சட்டு சட்டுனு மேலயும் கீழயும் தாவ விட்டுப் பாடுறது) கொண்டு வந்த குரல், "பம்பரக் கண்ணாலே" மாதிரி ஒரு பாட்டைப் பாடிக்கிட்டே உடம்பை ரப்பரா வளைக்கிற ஆளு. 1958 சபாஷ் மீனால ரெட்டை வேஷம், அதுல ஒண்ணு ரிக்‌ஷாக்காரர், மெட்ராஸ் பாஷைய பாட்டு மாதிரி பேசுவாரு. பாட்டு தனி நடிப்பு தனின்னு அவருகிட்ட பிரிக்கவே முடியாது. அவரை அளவுகோலா வச்சு இன்னிக்கு இருக்கறவங்களை அளக்குறது நியாயம் இல்ல, அதனால நான் அளக்குறதில்ல.

வெளிநாட்டு பாப் ஸ்டார் எல்லாம் எப்படி?

அங்கயும் இதே கதைதான், இங்கிலாந்து நாலு பேர் பாட்டுக்குழு பீட்டில்ஸை எடுத்துக்கங்க. 1964ல எ ஹார்ட் டேஸ் நைட், ரிச்சர்ட் லெஸ்டர் டைரக்‌ஷன், கறுப்பு வெள்ளை. கதை எழுதுன ஆலன் ஓவன் முன்னாடியே அவங்களோட சுத்தி, அவங்க எப்படி பேசுறாங்களோ அதே மாதிரி சின்னச் சின்ன வரியா எழுதிக் குடுத்தாரு, நீள டயலாக் குடுத்தா மாட்டிக்குவாங்கன்னு. நாலு பேர்ல பாட்டு எழுதுற ரெண்டு பேரை விட்டுட்டு விமர்சகர்கள் யாரைப் பாராட்டுனாங்க தெரியுமா, டிரம்மர் ரிங்கோ ஸ்டார். ஆத்தங்கரையில தனியா நடந்து போற சீன் அவரோடது, முந்தின ராத்திரி தூங்காம அப்படியே ஷூட்டிங் வந்து, டயலாக் எதுவும் பேச முடியாத நிலைமைல சும்மா நடந்தாராம், அந்த சோர்வே நடிப்பாயிருச்சு. பின்னாடி உக்காந்து வாசிக்கிற ஆளு முன்னாடி வந்து ஜெயிச்ச கதை, எனக்கு இதைச் சொல்றதுல ஒரு தனி சந்தோஷம் இருக்கு, மறைக்கல.

மடோனாவும் அப்படித்தான். 1985ல டெஸ்பரேட்லி சீக்கிங் சூசன்ல ரோஸன்னா ஆர்க்கெட்டோட சேர்ந்து வந்தப்ப நல்ல பேரு. 1987ல ஹூஸ் தட் கேர்ள்னு மொத்த காமெடியையும் அவங்க தலைல வச்சாங்க, சரியா போகல. 1992ல எ லீக் ஆஃப் தேர் ஓன், பேஸ்பால் டீம்ல ஒருத்தியா வந்தாங்க, திரும்ப நல்ல பேரு. ஆள் ஒண்ணுதான், எடம்தான் வேற. பாடகி ஷெர் மாதிரி 1987 மூன்ஸ்ட்ரக் காதல் காமெடில நடிச்சு ஆஸ்கரே வாங்குனவங்களும் உண்டு, அதுக்கு முன்னாடி அவங்க டிவில வருஷக்கணக்கா ஸ்கிட் பண்ணிருக்காங்கங்கறதையும் சேர்த்துப் பாக்கணும்.

இந்தில கிஷோர் குமார்?

1968 படோசன் பாத்தா போதும். அதே கதை நம்மகிட்ட 1960லயே அடுத்த வீட்டுப் பெண்ணா வந்துருச்சு, சீர்காழியும் திருச்சி லோகநாதனும் போட்டி போட்டுப் பாடுன "கண்களும் கவி பாடுதே" அந்தப் படம்தான், நம்ம காரைக்கால் தங்கவேலு ஐயா வேற அதுல. நம்ம படத்துல பாடுறவங்க குரல் மட்டும், சிரிக்க வைக்கிறவங்க வேற ஆளு. இந்தில கிஷோர் ரெண்டையும் ஒரே ஆளா பண்ணிட்டாரு, பாடுறப்பவே வாயும் கண்ணும் காமெடி பண்ணும். அந்த வசதி எல்லாருக்கும் வராது. இப்ப உள்ளவங்கள்ல பஞ்சாபி பாடகர் தில்ஜித் தோசாஞ்ச், 2012 ஜட் அண்ட் ஜூலியட்லேந்து பாத்தீங்கன்னா அவரு தலப்பாவோட வெகுளியா நின்னு எதிர்ல இருக்கறவங்க பேச்சைக் கேக்குற விதமே சிரிப்பு வரவைக்கும்.

பாடகிங்களுக்கு ஏன் காமெடி குடுக்க மாட்டேங்குறாங்க?

எனக்கும் இது பெரிய ஆதங்கம். ஆண்ட்ரியா எவ்வளவு நல்ல பாடகி, எவ்வளவு நல்ல நடிகை. 2014 அரண்மனை பேய் காமெடி, அதுல அவங்களுக்கு பேய் கிடைச்சுது, காமெடி சந்தானத்துக்கும் கோவை சரளாவுக்கும் போச்சு. எங்க குழுவுலயே ரெண்டு பொண்ணுங்க பாடுறாங்க, வேன்ல வர்றப்ப அவங்க பண்ற கலாட்டாவுக்கு எங்க வயிறு வலிக்கும், மேடைல காமெடின்னா மட்டும் ஆம்பளைங்களைத்தான் கூப்பிடுறாங்க. கேட்டா ஊர்க்காரங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. மனோரமா ஆச்சி பொறந்த மண்ணுல நின்னுக்கிட்டு இதைச் சொல்லலாமா?

சரியா வராத நடிப்பை டப்பிங்ல, எடிட்டிங்ல சரி பண்ண முடியாதா?

பாதி முடியும். தமிழ்ல பெரும்பாலும் டப்பிங் தனியாத்தான் பண்றாங்க, முதுகு காட்டுற எடத்துல, தலைய குனியுற எடத்துல புதுசா கவுண்டர் சேர்ப்பாங்க. பாட்டுக்காரங்களுக்கு மைக் முன்னாடி வேலைங்கறதால இது நல்லாவே வரும், படத்துல குரல் மட்டும் கேட்டா பிரமாதமா இருக்கும். ஆனா ரியாக்‌ஷனை டப் பண்ண முடியாது. எதிராளி பேசுறப்ப முகம் காலியா இருந்தா எடிட்டர் அந்த ஷாட்டையே தூக்கிட்டு வேற ஆள் முகத்துக்குப் போயிருவாரு. ஹீரோ படத்துல ஹீரோவோட ரியாக்‌ஷனைத் தவிர எல்லார் ரியாக்‌ஷனும் இருந்துச்சுன்னா காரணம் இதுதான்.

அப்பறம் ஏன் தயாரிப்பாளருங்க அவங்களையே கூப்பிடுறாங்க?

பாட்டு முன்னாடியே ஹிட்டாயிரும், காலேஜ் பசங்க கூட்டம் ரெடியா இருக்கு, ஹீரோவும் மியூசிக்கும் ஒரே ஆளுன்னா கால்ஷீட் பேசுறதும் சுலபம். அதுல தப்பு இல்ல. அந்த ஆளுக்கு ஏத்த எடத்தைக் கதைல யோசிக்காம எல்லா சீன்லயும் அவரையே பேச விடுறதுலதான் தப்பு, அதுக்குப் பொறுப்பு எழுதுறவங்களும் டைரக்டரும்.

எங்க தம்பி நல்லா பாடுவான், ஒரு ஷார்ட் ஃபிலிம்ல காமெடி ரோல் கேக்குறாங்க, போகலாமா?

தாராளமா போகச் சொல்லுங்க. ஹீரோவா கேட்டா கொஞ்சம் யோசிங்க, ஹீரோவோட ஃப்ரெண்டுன்னா உடனே ஒத்துக்கங்க. அவன் டயலாக்கை மட்டும் மனப்பாடம் பண்ணா போதாது, எதிர்ல பேசுறவன் டயலாக்கையும் சேர்த்து மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, அப்பத்தான் எங்க மூச்சு விடுறான்னு தெரியும். முடிஞ்சா ஷூட்டிங்குக்கு முன்னாடி அதே சீனை வீட்டுக் கூடத்துல அத்தை மாமா சித்தப்பாங்க முன்னாடி ரெண்டு தடவ பண்ணிப் பாக்கட்டும், எந்த எடத்துல சிரிக்கிறாங்க, எவ்வளவு நேரம் சிரிக்கிறாங்கன்னு காதுல ஏத்திக்கட்டும்.

நான் மேல சொன்ன எங்க சிங்கர் இப்ப குழுவுல இல்ல, சொந்தமா கடை வச்சுட்டாப்ல. ஆனா போன வருஷம் நன்னிலம் பக்கம் ஒரு கச்சேரிக்கு ஆள் கொறைஞ்சு கூப்பிட்டோம், வந்தாப்ல, அதே டாக்டர் பேஷண்ட். இந்த தடவ மைக்கை ஸ்டாண்டுலயே விட்டுட்டு மிமிக்ரி அண்ணன் பக்கம் முழுசா திரும்பி உக்காந்தாப்ல. அண்ணன் ஊசிய எடுத்தாரு. இவரு ஒண்ணும் பேசல, ஊசியப் பாத்தாரு, அண்ணனப் பாத்தாரு, திரும்ப ஊசியப் பாத்தாரு. டயலாக் வர்றதுக்கு முன்னாடியே பொம்பளைங்க பக்கம் சிரிப்பு ஆரம்பிச்சு ஆம்பளைங்க பக்கம் பரவிருச்சு, அது அடங்குற வரைக்கும் இவரு வாயே தொறக்கல, நான் பேடுல கை வச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன்.